செம்மரம்: காட்டுல செத்தவன் ஊர் தெரியும், காசு பார்த்தவன் பேர் தெரியுமா?

(மாவட்ட தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி முகாமில் நம் அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.)





எனக்குக் கொடுத்த தலைப்பு "சர்வதேச சுற்றுச்சூழல் குற்றங்களும் சட்டவிரோத வணிகமும்". தலைப்பைக் கேட்டதும் பின்னாடி நாலு பேர் டீ குடிக்க எழுந்துட்டாங்க. தப்பில்லை. இது ஏதோ ஐ.நா. சபையில கோட் போட்டவங்க பேசுற விஷயம்னு நமக்கு ஒரு நினைப்பு. ஆனா இதுக்குள்ள நம்ம ஜவ்வாது மலை இருக்கு. கல்வராயன் மலை இருக்கு. சென்னைத் துறைமுகம் இருக்கு. அதனால உலகம் பூரா சுத்தாம, ஒரே ஒரு மரத்தைப் பிடிச்சிக்கிட்டுப் பேசுறேன். செம்மரம்.

செம்மரம்னா உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது "புஷ்பா". 2021ல வந்தது, நாமளும் விசில் அடிச்சுப் பார்த்தோம். கூலியா காட்டுக்குள்ள போனவன் சிண்டிகேட்டுக்கே தலைவன் ஆவான். படம் பார்க்க நல்லா இருக்கு. நிஜத்துல கூலியா போனவன் என்ன ஆனான்? அதைத்தான் இப்போ பேசப் போறோம்.

முதல்ல மரத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை.

செம்மரம் உலகத்துல இயற்கையா வளர்ற இடம் ரொம்பச் சின்ன இடம். கிழக்குத் தொடர்ச்சி மலையோட தென்பகுதி. சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலா, நல்லமலா. அதாவது ஆந்திராவோட சித்தூர், கடப்பா, நெல்லூர் பக்கம், கொஞ்சம் கர்னூல், பிரகாசம். அதை ஒட்டி நம்ம எல்லையில கொஞ்சம். அவ்வளவுதான். சீனாவுல கிடையாது, ஆப்பிரிக்காவுல கிடையாது. ரொம்ப மெதுவா வளரும். நடுவுல இருக்கிற சிவப்புக் கட்டை, நாம வைரம்னு சொல்றோமே, அது நல்லா ஏற 25, 30 வருஷத்துக்கு மேல ஆகும். அவ்வளவு கனமான கட்டை, தண்ணியில போட்டா மூழ்கிடும்.

இதை யார் வாங்குறாங்க? சீனாவுல பழைய அரச வம்ச பாணி ஃபர்னிச்சர் செய்ய இந்த மரத்துக்கு ஏக மவுசு. ஜப்பான்ல ஷாமிசென் மாதிரி இசைக்கருவி செய்யப் பயன்படுது. சாயத்துக்கும் மருந்துக்கும் கூடப் போகுது. கட்டைக்குள்ள அலை அலையா கோடு ஓடுற மரம் கிடைச்சா அது ஏ கிரேடு, விலை எங்கேயோ போயிடும்.

ஆக வளர்றது ஒரு மூலையில, விற்கிறது கடல் தாண்டி. நடுவுல எல்லாப் பக்கமும் தடை. சைட்டீஸ்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு. அழிஞ்சுபோற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973ல வாஷிங்டன்ல உருவானது, 1975ல நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976லயே சேர்ந்துடுச்சு. இன்னைக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர். செம்மரம் 1995ல அதன் இரண்டாவது பட்டியல்ல சேர்ந்தது. அனுமதிச் சீட்டு இல்லாம நாடு தாண்டக் கூடாது. நம்ம நாட்டுலயும் காட்டுச் செம்மரத்தை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கு. 2022ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்டீஸ் பட்டியலுக்கே தனி அட்டவணை போட்டாங்க. 2023 ஏப்ரல் 1 முதல் அமல்.

சட்டத்துக்குக் குறைவில்லை. அப்புறம் ஏன் மரம் போயிட்டே இருக்கு? அதுக்கு மலைக்குப் போகணும்.

ஜவ்வாது மலை ஒரு காலத்துல சந்தனத்துக்குப் பேர் போனது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு பற்றிப் பெரியவங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தனம் போயிடுச்சு. மலையில மிச்சம் இருக்கிறது சாமை, புளி, தேன், வருஷத்துல சில மாசம் கேரளா, கர்நாடகா பக்கம் எஸ்டேட் வேலை. கோடாலி பிடிக்கத் தெரிஞ்ச கை இருக்கு, வேலை இல்லை. இந்த ஆட்களைத் தேடித்தான் புரோக்கர் வர்றான். கையில அட்வான்ஸ் கொடுப்பான். சில பேர்கிட்ட "மரம் வெட்டப் போறோம்"னு சொல்லுவான். சில பேர்கிட்ட "மிளகு பறிக்கிற வேலை, கட்டட வேலை"ன்னு சொல்லுவான். வேன் ஏறின பிறகுதான் எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியும்.

இனி தேதி வாரியா சொல்றேன். குறிச்சு வச்சுக்கோங்க.

2013 டிசம்பர். சேஷாசலம் காட்டுல ஆந்திர வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டாங்க. கடமை செய்யப் போனவங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. இதை மறைச்சிட்டு யாரும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். அந்த வழக்குல தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்குல கைதானாங்க. இரண்டு வருஷத்துக்கும் மேல ஜெயில். 2016ல திருப்பதி நீதிமன்றம் 280க்கும் மேற்பட்டவங்களை, குற்றம் நிரூபிக்கப்படலைன்னு விடுதலை செஞ்சது.

இதை இன்னொரு தரம் யோசிச்சுப் பாருங்க. இரண்டு அதிகாரிகளைக் கொன்றது யார்னு அந்த வழக்குல நிரூபிக்க முடியலை. அந்தக் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கலை. நம்ம மலையில 280 குடும்பத்துக்கு மேல இரண்டு வருஷம் சம்பாதிக்கிற ஆள் இல்லை. புள்ளைங்க படிப்பு போச்சு. ஆள் அனுப்பின முதலாளிக்கு ஒரு கீறல் கூட விழலை.

2015 ஏப்ரல் 7. இந்தத் தேதியை மறக்கவே கூடாது. சேஷாசலம் காட்டுல, ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதுல 20 பேர் செத்தாங்க. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரங்க. எங்களைத் தாக்க வந்தாங்க, தற்காப்புக்குச் சுட்டோம்னு போலீஸ் சொன்னது. பிடிச்சு வச்சு சுட்டாங்கன்னு மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டினாங்க. தேசிய மனித உரிமை ஆணையம் இதைக் கையில் எடுத்தது.

2018 பிப்ரவரி. கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில அஞ்சு பேர் பிணமா மிதந்தாங்க. சேலம் மாவட்டம், கல்வராயன் மலைப் பக்கத்து ஆட்கள்.

இந்த மூணு சம்பவத்துலயும் செத்தவங்க, உள்ள போனவங்க எந்த ஊர், எந்த மாவட்டம்னு நான் சொல்லிட்டேன். அந்த மரம் எந்தக் கிடங்குல போய் இறங்க இருந்தது, எந்தக் கம்பெனி பேர்ல ஏற்றுமதி ஆக இருந்தது, எந்த வங்கிக் கணக்குல பணம் வர இருந்ததுன்னு இங்க இருக்கிற யாராவது சொல்ல முடியுமா? முடியாது. இந்தக் குற்றத்தோட அமைப்பே அப்படி. கீழே இருக்கிறவன் முகம் பேப்பர்ல வரும். மேலே இருக்கிறவன் பேர் பேப்பர்ல வராது.

நான் எஞ்சினியரிங் படிச்சவன். அதனால இதை ஒரு சப்ளை செயினாத்தான் பார்க்கிறேன். மரம் வெட்டுறவன், தலையில சுமக்கிறவன், வண்டி ஓட்டுறவன், பைலட் வண்டியில முன்னாடி போறவன், கிடங்கு வச்சிருக்கிறவன், போலி பேப்பர் தயார் பண்றவன், கன்டெய்னர் புக் பண்றவன், வெளிநாட்டுல இறக்குறவன், ஃபர்னிச்சர் கம்பெனிக்காரன். குறைஞ்சது ஒன்பது கண்ணி. முதல் மூணு கண்ணியில இருக்கிறவனை நீங்க எத்தனை தரம் பிடிச்சாலும், மறுநாளே வேற ஆள் வருவான். ஏன்னா பசி இருக்கு. கன்டெய்னர் புக் பண்றவனையும் பேப்பர் தயார் பண்றவனையும் பிடிச்சா மொத்தச் சங்கிலியும் நிற்கும். அந்த வேலை தெரிஞ்சவனும், அந்தத் தொடர்பு இருக்கிறவனும் ரொம்பக் கொஞ்சம் பேர்.

ஒரு உதாரணம். 2022ல வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், டி.ஆர்.ஐ., குஜராத் முந்த்ரா துறைமுகத்துல ஒரு கன்டெய்னரைப் பிடிச்சாங்க. பேப்பர்ல என்ன எழுதியிருந்தது? சோப்பு, ஷாம்பு மாதிரி குளியலறைப் பொருட்கள். போக வேண்டிய இடம் ஷார்ஜா. திறந்து பார்த்தா உள்ள 11.7 டன் செம்மரம். அதிகாரிகள் போட்ட மதிப்பு சுமார் 11.7 கோடி ரூபாய்.

இப்போ சின்ன கணக்கு. 11.7 டன்னுன்னா 11,700 கிலோ. 11.7 கோடியை வகுத்தா கிலோ 10,000 ரூபாய் வருது. ஒரு ஆள் காட்டுக்குள்ள இருந்து 25 கிலோ கட்டையைச் சுமந்துட்டு வந்தா, அவன் தலையில இருக்கிறது இரண்டரை லட்ச ரூபாய். அவனுக்குக் கொடுக்கிறது கூலி. குண்டு பட்டா அவனுக்குப் படும். கேஸ் வந்தா அவன் மேல வரும். மீதிக் காசு யாருக்குப் போகுதுன்னு கேட்கிறதுதான் அரசியல். நாம கேட்காட்டி வேற யார் கேட்பாங்க?

அந்தக் கன்டெய்னர்ல இன்னொரு விஷயமும் இருக்கு. மரம் வளர்றது ஆந்திராவுல. வெட்டப் போறவன் தமிழ்நாடு. துறைமுகம் குஜராத். போற இடம் வளைகுடா. விற்பனை கிழக்காசியா. இதுல ஒரு மாநில போலீஸ் தனியா என்ன செய்ய முடியும்? கடல் வழி மட்டும் இல்லை. நேபாளம் வழியா திபெத்துக்கும், வடகிழக்கு எல்லை வழியா மியான்மருக்கும் இந்த மரம் போயிருக்கு. ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் நடுவுல இருக்கிற நிறுத்தங்கள்.

இனி உலக அளவுக்கு வருவோம், சுருக்கமா.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் சேர்ந்து 2016ல ஒரு மதிப்பீடு வெளியிட்டாங்க. மரக் கடத்தல், வனவிலங்குக் கடத்தல், சட்டவிரோத மீன்பிடி, திருட்டுச் சுரங்கம், நச்சுக் கழிவு வணிகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 9,100 கோடி டாலர் முதல் 25,800 கோடி டாலர் வரை. அன்றைய மதிப்புல குறைஞ்சபட்சக் கணக்கே ஆறு லட்சம் கோடி ரூபாய். போதைப்பொருள், போலிப் பொருட்கள், ஆள் கடத்தல், இதுக்கு அடுத்து நாலாவது பெரிய குற்றத் தொழில் இதுதான்னு சொன்னாங்க.

இவ்வளவு பெரிய தொழில் எப்படித் தப்பிக்குது? மூணு ஓட்டை இருக்கு. பொறுமையா கேளுங்க, ஏன்னா இதை யாரும் டிவியில சொல்ல மாட்டாங்க.

முதல் ஓட்டை, பேப்பர். கன்டெய்னர் உள்ள என்ன இருக்குன்னு ஏற்றுமதி பண்றவன்தான் எழுதிக் கொடுக்கிறான். உலகத்துல ஓடுற கன்டெய்னர்கள்ல மிகச் சிறு பங்கைத்தான் திறந்து பார்க்க முடியும். எல்லாத்தையும் திறந்தா வணிகமே நின்னுடும். அதனால எந்த கன்டெய்னரைத் திறக்கணும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிறதுதான் வேலை. புதுசா ஆரம்பிச்ச கம்பெனி, இதுவரை அந்தப் பொருளை ஏற்றுமதி பண்ணாத ஆள், எழுதின பொருளுக்கும் எடைக்கும் பொருத்தம் இல்லை, இந்த மாதிரி அடையாளங்களை வச்சு கம்ப்யூட்டர் சந்தேகப் பட்டியல் போடும். ஒரு மாநிலத்துல கிடைக்கிற தகவல் அடுத்த மாநிலத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் போனாத்தான் இது வேலை செய்யும்.

இரண்டாவது ஓட்டை, வழிநடை. சரக்கு ஒரு துறைமுகத்துல இறங்கி, வேற கப்பல் ஏறி இன்னொரு நாட்டுக்குப் போனா, "இது எங்க நாட்டு இறக்குமதியே இல்லை, சும்மா கடந்து போகுது"ன்னு சொல்லலாம். 2014ல சிங்கப்பூர்ல மடகாஸ்கர் ரோஸ்வுட் 29,000க்கும் மேற்பட்ட கட்டைகள், 3,000 டன்னுக்கு மேல பிடிபட்டது. உலகத்திலேயே பெரிய பிடிப்புகள்ல ஒண்ணு. கீழே தண்டனை கொடுத்தாங்க. 2019ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சரக்கு வழிநடையில்தான் இருந்ததுன்னு சொல்லி விடுதலை செஞ்சது. சிங்கப்பூர் மாதிரி சட்டம் கறாரா இருக்கிற நாட்டுலயே இந்த நிலைமை.

மூணாவது ஓட்டை, நாற்காலி. சைட்டீஸ் பட்டியல்ல செம்மரத்துக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு. கட்டை, சீவல், தூள், சாறு, இந்த நாலுக்குத்தான் கட்டுப்பாடு. அதே கட்டையை இழைச்சு நாற்காலி ஆக்கிட்டா அந்தக் குறிப்புக்குள்ள வராது. அதாவது கட்டையா இருக்கிற வரைக்கும் குற்றம். நாற்காலி ஆனா கலைப்பொருள். நம்ம மலைக்காரன் உயிர் போன மரம், எங்கேயோ ஒரு பணக்காரன் வீட்டு ஹால்ல சட்டப்படி உட்கார்ந்திருக்கும்.

இந்த ஓட்டைகளை அடைக்க வழி இல்லாம இல்லை. அமெரிக்கா 2008ல தன்னோட லேசி சட்டத்தைத் திருத்தி, மரம் எந்த நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டப்பட்டிருந்தாலும் அதை இறக்குமதி செய்றது குற்றம்னு கொண்டுவந்தது. ஐரோப்பாவுல 2013 முதல், மரம் எங்க இருந்து வந்ததுன்னு விசாரிக்க வேண்டியது வாங்குறவன் பொறுப்பு. சீனாவும் 2020 ஜூலை முதல், சட்டவிரோத மரம்னு தெரிஞ்சே வாங்கவோ, பதப்படுத்தவோ, கொண்டுபோகவோ கூடாதுன்னு வனச் சட்டத்துல சேர்த்திருக்கு. அதைச் செம்மரத்துக்கு அமல்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியது யார்? மரத்தைப் பறிகொடுத்த நாடு. அதாவது நம்ம ஒன்றிய அரசு.

போதைப்பொருளுக்கும் ஆள் கடத்தலுக்கும் இருக்கிற மாதிரி, காட்டைத் திருடுறதுக்கு எதிரா தனி சர்வதேச உடன்படிக்கை இன்னும் இல்லை. நாடு கடந்த குற்றங்களுக்கு எதிரா 2000ல ஐ.நா. கொண்டுவந்த ஒப்பந்தத்தோட இதுக்கும் ஒரு துணை ஒப்பந்தம் சேர்க்கணும்னு கோஸ்டா ரிகா, அங்கோலா மாதிரி நாடுகள் கேட்டுட்டு இருக்காங்க. அந்தக் குரல்ல இந்தியாவும் சத்தமா சேரணும்.

மேலே இருக்கிறவனைப் பிடிக்கவே முடியாதான்னு கேட்டா, முடியும். ஆந்திராவுல தேடப்பட்ட ஒரு பெரிய புள்ளி மொரீஷியஸ்ல போய் ஒளிஞ்சிருந்தார். இன்டர்போல் அறிவிப்பு வச்சு அங்கேயே பிடிச்சு, 2015 நவம்பர்ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. மனசு இருந்தா மொரீஷியஸ் வரைக்கும் போக முடியுது. ஆனா இந்த மாதிரி உதாரணத்தைக் கை விரல்ல எண்ணிடலாம். சேஷாசலத்துல கைதான கூலிகளை எண்ண முடியாது.

சரி, நாம என்ன கேட்கணும்? நம்ம பக்கத்துல, நம்ம பிரதிநிதிகள்கிட்ட, கேள்வி நேரத்துல, தெருமுனைக் கூட்டத்துல, எல்லா இடத்துலயும் இந்த ஆறு விஷயத்தைக் கேட்போம்.

1. பணத்தைத் துரத்து. வனவிலங்குச் சட்டக் குற்றங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தோட அட்டவணையில இருக்கு. ஒவ்வொரு பெரிய பிடிப்புக்கும் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போச்சுன்னு விசாரணை கட்டாயம் நடக்கணும். லாரியைப் பிடிச்சதோட ஃபைல் மூடக் கூடாது.

2. கூட்டுப் படை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா வனத்துறையும் போலீஸும், டி.ஆர்.ஐ.யும், சென்னையில மண்டல அலுவலகம் வச்சிருக்கிற வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவும் ஒரே மேஜையில உட்காரணும். தகவல் பகிரணும்.

3. சட்ட உதவி. தெலுங்கு தெரியாத மலைவாசி, தெலுங்குல எழுதின காகிதத்துல கைநாட்டு வைக்கிறான். தமிழ் தெரிஞ்ச வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் முதல் நாளே போய்ச் சேரணும். மாநில அரசு அதுக்குத் தனி ஏற்பாடு வைக்கணும்.

4. மலையில வேலை. சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் நியாயமான கொள்முதல் விலை, நூறு நாள் வேலை ஒழுங்கா நடக்கிறது, 2006 வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டா. புரோக்கர் கொடுக்கிற அட்வான்ஸை மறுக்கிற அளவுக்கு வீட்டுல அரிசி இருக்கணும். இது இல்லாம மீதி அஞ்சும் வீண்.

5. நட்டவனுக்கு வழி. செம்மரத்தைத் தோட்டத்துல வளர்க்கிற விவசாயிகள் திருவள்ளூர் பக்கம் உட்பட நிறைய பேர் இருக்காங்க. இந்தியாவின் செம்மர வணிகத்தை சைட்டீஸ் 2004ல இருந்து தனிக் கண்காணிப்புல வச்சிருந்தது. 2023 நவம்பர்ல ஜெனீவா கூட்டத்துல அதுல இருந்து விடுவிச்சாங்க. நல்ல செய்தி. ஆனா தோட்ட மரம்னு பேப்பர் போட்டுக் காட்டு மரத்தை அனுப்பினா எல்லாம் பாழ். நடும்போதே பதிவு, வெட்டும்போது எண், கட்டைக்குக் கட்டை க்யூஆர் கோடு. பால் பாக்கெட்டுக்கே பேட்ச் நம்பர் இருக்கிற நாட்டுல இது முடியாத வேலை இல்லை. டெக்னிக்கலா சொல்றேன், ரொம்ப சாதாரண வேலை.

6. நாற்காலி ஓட்டையை அடை. செய்து முடித்த பொருட்களையும் பட்டியலுக்குள்ள கொண்டுவர, அடுத்த சைட்டீஸ் மாநாட்டுல இந்தியா முன்மொழியணும்.

செம்மரத்தை மட்டும் பேசினேன், ஆனா நம்ம கடற்கரையிலயும் இதே கதைதான். மன்னார் வளைகுடா கடல் அட்டை இங்க 2001ல இருந்து தடை. இலங்கையில லைசென்ஸ் வாங்கினா பிடிக்கலாம். அதனால இங்க பிடிச்சதை அந்தப் பக்கம் தள்ளிட்டா அது சட்டப்படியான சரக்கா மாறிடுது. படகுல பிடிபடுறவன் யாரு? அன்றாடம் காய்ச்சி மீனவன். நட்சத்திர ஆமை 2019ல சைட்டீஸ் முதல் பட்டியலுக்கே போயிடுச்சு, வணிகமே கூடாது. ஆனாலும் பெட்டிக்குள்ள அடைச்சு விமானம் ஏத்துறாங்க. பாங்காக்ல இருந்து சென்னை விமான நிலையத்துக்கு குரங்கையும் பாம்பையும் சூட்கேஸ்ல கொண்டு வர்றதை நியூஸ்ல பார்த்துட்டுத்தான் இருக்கீங்க. ஆள் மாறுவான், பொருள் மாறும், அமைப்பு ஒண்ணுதான்.

கடைசியா நம்ம வேலை. நாம ஐ.டி. விங். நம்ம கையில இருக்கிற ஆயுதம் போன்தான். அதை எப்படிப் பிடிக்கணும்னு நாலு விஷயம் சொல்லிட்டு முடிச்சிடறேன்.

ஒண்ணு, வார்த்தை. ஆந்திராவுல யாராவது கைதானா உடனே "தமிழக செம்மரக் கடத்தல்காரர்கள் கைது"ன்னு கார்டு போடாதீங்க. கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் அவங்க குற்றம்சாட்டப்பட்ட தொழிலாளர்கள். 280 பேருக்கு மேல விடுதலை ஆனதை இப்போதான் சொன்னேன். அந்த இரண்டு வருஷமும் அவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல "கடத்தல்காரன் புள்ளை"ன்னு பேர் வாங்கிட்டு இருந்திருக்கும். அந்தப் பேர் நம்ம கார்டால வரக் கூடாது.

இரண்டு, இதை ஆந்திரா தமிழ்நாடு சண்டையா மாத்தாதீங்க. லைக் நிறைய வரும், தெரியும். ஆனா சண்டை தெலுங்கனோட இல்லை. அந்தக் காட்டுல ராத்திரி டார்ச் லைட்டோட நடக்கிற வன ஊழியரும் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைதான். அவனையும் நம்ம கூலியையும் எதிரெதிரா நிறுத்திட்டு நடுவுல சம்பாதிக்கிறவனுக்கு நம்ம சண்டை ரொம்ப வசதி.

மூணு, விற்பனைப் பதிவுகள். ஃபேஸ்புக்லயும் வாட்ஸ்அப் குரூப்லயும் ஆமை, கிளி, குரங்கு, யானைத் தந்தம் விற்பனைக்குன்னு போஸ்ட் வரும். திட்டுறதுக்காகக் கூட ஷேர் பண்ணாதீங்க, அது அவனுக்கு இலவச விளம்பரம். ஸ்கிரீன்ஷாட் எடுங்க, லிங்கைக் குறிச்சு வையுங்க, வனத்துறைக்கு அனுப்புங்க, பிறகு ரிப்போர்ட் அடிங்க. முதல்ல ரிப்போர்ட் அடிச்சிட்டா போஸ்ட் போயிடும், ஆதாரமும் போயிடும்.

நாலு, இதுதான் முக்கியம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி பக்கம் நம்ம கிளை நண்பர்கள் இருக்கீங்க. ஊருக்குள்ள புது புரோக்கர் வந்து, வேலை என்னன்னு சொல்லாம அட்வான்ஸ் மட்டும் நீட்டினா, அந்த வீட்டுத் திண்ணையில போய் உட்காருங்க. எங்க போறீங்க, யார் கூட்டிட்டுப் போறது, வண்டி நம்பர் என்ன, ஒரு போன் நம்பர் கொடுத்துட்டுப் போங்கண்ணேன்னு கேளுங்க. யாராவது மாட்டிக்கிட்டா இலவச சட்ட உதவி எண் 15100. இந்த நாடு முழுக்க அதே எண். உங்க கிளை குரூப்ல இன்னைக்கே பின் பண்ணி வையுங்க. கட்சி பார்க்காம உதவி பண்ணுங்க. ஓட்டு யாருக்குப் போட்டாருன்னு கேட்டுட்டு ஜாமீன் மனு எழுத முடியாது.

2015 ஏப்ரல் 7 அன்னைக்கு நம்மள்ல பாதிப் பேர் பள்ளிக்கூடம், காலேஜ். நம்மால ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது. இப்போ நமக்கு வயசு இருக்கு, படிப்பு இருக்கு, அமைப்பு இருக்கு. அடுத்த வேன் மலை இறங்குறதுக்கு முன்னாடி அந்த வீட்டு வாசலுக்கு நாம போய்ச் சேர்ந்துடணும். அதுக்கான கிளைவாரிப் பட்டியல் மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கிறோம், பேர் கொடுக்காம யாரும் கிளம்பிடாதீங்க.



#செம்மரம் #பணத்தைத்துரத்து #மலைவாழ்மக்கள் #காடுகாப்போம்